வலிய கம்பி மெலிந்த கதை

ஆகாய விமானத்தின் இறக்கையில் ஒரு பவுண்டு உலோகம் வீணாகச் சேர்ந்தாலும், அந்த விமானம் பறக்கும் காலமெல்லாம் அது எரிபொருளைத் தின்றுகொண்டிருக்கும் என்பதை அறிந்த பொறியியல் நிபுணர்கள், பாரம் தாங்குதலும் எடை குறைதலும் ஒருங்கே கைகூடும் வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டே நிர்ணயம் செய்கிறார்கள்.

அவ்வாறு கணக்கிடும் முறைகளுள் மிக எளியது தகைவு விகித முறை. கம்பிகளைப் பிணைத்த சட்டகத்தில், கம்பியின் குறுக்குப் பரப்பில் சதுர அங்குலம் ஒன்று தாங்கக்கூடிய விசைக்கு ஒரு வரம்பு வகுத்து, உண்மையில் விழும் விசை அதில் பாதியானால் குறுக்குப் பரப்பையும் பாதியாக்கி, மிஞ்சினால் அதற்கேற்பப் பெருக்கி, ஒன்று மெலிந்தால் அதன் சுமை மற்றவற்றின்மேல் சாயுமாதலால் சட்டகம் முழுவதையும் மறுபடி ஆராய்ந்து, எல்லாம் தத்தம் வரம்பை எட்டும்வரை இதையே செய்துகொண்டு போவார்கள்.

எல்லா உறுப்பும் முழுவதும் உழைக்கும் அமைப்பே மிக இலேசானது என்று நம்புவது இயல்பே. ஆனால் 1960இல் அமெரிக்கரான லூசியன் ஷ்மிட், மூன்றே கம்பிகள் கொண்ட சட்டகத்தை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு சுமைகள் மாறி மாறி வரும்போது இந்நம்பிக்கை பொய்க்கலாம் என்று காட்டினார். எடையையே நேராகக் குறிவைத்து, வரம்பு மீறாமல் படிப்படியாக இறங்கிச் செல்லும் கணிதத் தேடல் அவர் கைக்கொண்ட வழி.

இத்துறையினர் தம் முறைகளைப் பரீட்சிக்கும் உரைகல்லாகப் பத்து அலுமினியக் கம்பிகள் கொண்ட சட்டகம் ஒன்று விளங்குகிறது. எல்லாக் கம்பிகளுக்கும் சதுர அங்குலத்துக்கு 25,000 பவுண்டு என்று ஒரே வரம்பு வைத்தால் இரு முறைகளும் ஏறத்தாழ 1,593 பவுண்டு எடையையே தருகின்றன. ஒரு சாய்வுக் கம்பியின் வரம்பை மட்டும் 75,000 ஆக உயர்த்தினாலோ, தேடல் முறை 1,498 பவுண்டுக்கு இறங்க, விகித முறை 1,725 பவுண்டுக்கு ஏறிவிடுகிறது! வலிமையைக் கூட்டியதால் எடை ஏறிய இவ்விந்தைக்குக் காரணம் உண்டு. மற்றக் கம்பிகளோடு பிணைந்தே நீள வேண்டியிருப்பதால் அவ்வலிய கம்பியால் தன் வரம்பை எட்டவே இயலாது. எட்டாததை உழைக்காத உறுப்பெனக் கொண்ட விகித முறை, அதை அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த அளவான 0.1 சதுர அங்குலம்வரை மெலிவிக்க, அது சுமந்திருக்கக்கூடிய பாரத்தையெல்லாம் மற்றவை தடித்துச் சுமக்கின்றன.

தேடல் முறைக்கும் குறையுண்டு. உறுப்புகள் பெருகப் பெருக அதன் ஆராய்ச்சிச் சுற்றுகளும் பெருகி, அக்காலக் கணிப்பொறிகளைத் திணறவைத்தன. ஆகவே 1960களின் பிற்பகுதியில் ஒஹையோவின் ரைட்-பாட்டர்சன் விமானப்படைத் தளத்தில் பொறியியல் நிபுணர் வெங்கய்யாவும் அவருடைய சகாக்களும், சிறந்த விடை எந்த நிபந்தனைக்கு உட்பட்டிருக்கும் என்பதை முன்னரே வகுத்து, அதை நோக்கிப் பரப்புகளைத் திருத்தும் நடுவழியை வளர்த்தார்கள். உறுப்புகள் எத்தனையாயினும் சில சுற்றுகளில் விடையை நெருங்குவது அதன் சிறப்பு.

விகித முறையைத் தொடக்கத்துக்குத் தாராளமாகக் கொள்ளலாம். வெவ்வேறு வலிமையுள்ள உலோகங்கள் கலந்த சட்டகத்தில் அதன் விடையையே முடிவாகக் கொள்வது பிழை.