லாரி வாசகங்களின் இலக்கணம்

திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்தது கீழ்பென்னாத்தூர். அவ்வழியே நெல்லும் மணிலாவும் ஏற்றிச் செல்லும் லாரிகளைக் காணாதார் இலர். ஆயினும், அவற்றின்மேல் தீட்டிய வாசகங்களை மொழியாகக் கருதிப் படிப்போர் சிலரே. அவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

லாரியின் எழுத்து மூவிடம் நோக்கியது. நெற்றியில் விளங்கும் ‘அண்ணாமலையார் துணை’ தெய்வத்தை நோக்கியது. பதிவெண்ணும் எடைக்கணக்கும் சட்டத்தை நோக்கியன. பின்புறத்து வாசகங்களோ தொடர்ந்து வருவோரை நோக்கியன. விரைந்து வரும் அவர்க்குப் படிக்கக் கிடைக்குங் காலம் சில நொடிகளே. ஆதலின், இவ்விடத்துச் சொற்சுருக்கம் அழகு கருதியதன்று, உயிர்க்காப்புக் கருதியது.

பின்புறத்து வாசகங்கள் பெரும்பாலும் மூவகைப்படும். ‘இடைவெளி விடு’ என்பது ஏவல், முன்னிலையாரைப் பணிப்பது. ‘வாழ்க வளமுடன்’ என்பது வியங்கோள், பணியாது வாழ்த்துவது. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்பதோ வினைச்சொல்லே இல்லாத தொடர். இந்திய அரசு 1952-இல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கருத்தை இது பிற்காலத்தில் ஊர்தோறும் கொண்டு சென்றது. ‘நாம்’ என்னும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை, படிப்பவரையும் தன்னுள் அடக்கிக்கொள்வதால், கட்டளையின் கடுமை இதில் இல்லை.

இவற்றுள் ஏவலே வலிமை மிக்கது; தீங்கு விளைக்கவும் வல்லது. வட இந்திய லாரிகளில் ‘ஹாரன் ஓகே ப்ளீஸ்’ என்று எழுதுதல் நெடுங்கால வழக்கம். பின்வருவோர் முந்தும்பொழுது ஒலியால் அறிவிக்கவேண்டும் என்பதே இதனாற் கொள்ளும் பயன். ஆனால் எப்பொழுது ஒலிப்பது என்பதை அவ்வாசகம் கூறுவதில்லை. தேவையின்றி ஒலியெழுப்ப இது தூண்டுகின்றதெனக் கருதி, மராட்டிய மாநிலத்து அதிகாரிகள் 2015-இல் இதனைத் தடை செய்தனர். மூன்று சொற்களைத் தடுக்க ஓர் அரசாணை வேண்டியதாயிற்றெனின், சொல்லின் ஆற்றலை என்னென்பது!

‘முந்தும்போது மட்டும் ஒலி எழுப்புக’ என்றிருப்பின், ஏவலின் கடுமை நீங்குவதோடு காலவரையறையும் அமைந்துவிடும். கூடுவன சில எழுத்துக்களே. குறைவதோ நோயாளரும் குழந்தைகளும் படுந் துன்பம். சாலைப் பாதுகாப்புக்கு வாசகம் எழுத முற்படும் நம் மாணவர்கள், எதுகை மோனையைத் தேடுமுன், யார் படிப்பார், எத்துணை நொடியிற் படிப்பார், எப்பொழுது அதன்படி நடப்பார் என்னும் மூன்றையும் எண்ணுவாராக.