அதிரும் தட்டு ஏன் அயர்கிறது?

முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறம் சாய்வாக எழும்பிச் சட்டெனப் பின்வாங்கும்போது அரிசி அந்தரத்தில் தங்கி, சற்றுத் தள்ளி விழுகிறது. இதே வேலையை நொடிக்கு 50 முறை செய்யும் இயந்திரம் ஒன்று உண்டு. ஆலைகளில் பெருந்தொட்டியிலிருந்து கல்லையும் கரியையும் அளவாக எடுத்து அரைவைக்கு அனுப்பும் அதிர்வு ஊட்டிதான் அது. தொழிலாளர்கள் 'ஃபீடர்' என்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் ஓர் ஆலைக்குச் சென்றிருந்தேன். ஊட்டியில் கல் வரத்துக் குறைந்ததும், இயக்குபவர் குமிழைத் திருகி மின்னழுத்தத்தைக் கூட்டினார். அரைமணியில் கருகல் வாடை! கம்பிச்சுருள் எரிந்து, அன்று முழுதும் அரைவை நின்றது. குற்றம் சுருளில் இல்லை. காந்தத்தைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது. இதை விளங்கிக்கொள்ள, ஊட்டி இயங்கும் விதத்தைக் காண்போம்.

இரும்புத் தட்டு ஒன்று சாய்ந்த பட்டை ஸ்பிரிங்குகளின்மேல் அமர்ந்திருக்கிறது. அருகே ஒரு மின்காந்தம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. மின்னோட்டம் எத்திசையில் பாய்ந்தாலும் காந்தம் இரும்பை இழுக்குமாதலால் நொடிக்கு 100 இழுப்புகள் கிடைக்கும். டயோடு ஒன்றைச் சுற்றில் சேர்த்துப் பாதி அலையைத் தடுத்தால் 50 இழுப்புகள். பல ஊட்டிகள் இம்முறையில் இயங்குகின்றன.

தட்டு மொத்தம் 1.5 மி.மீ. தூரமே அசைவதாகக் கொள்வோம். ஆயினும் அதன் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் ஏழரை மடங்கு! 20 பாகைச் சாய்வில் அசைந்தால், செங்குத்துக் கூறு இரண்டரை மடங்கு. ஒரு மடங்கைத் தாண்டினாலே கல் தட்டைவிட்டு எழும்பிவிடும்.

இவ்வளவு பளுவைச் சிறு காந்தம் ஆட்டுவது எப்படி? ஒத்ததிர்வினால்தான். ஸ்பிரிங்கின் விறைப்பை நிறையால் வகுத்து வர்க்கமூலம் கண்டால், தட்டின் இயல் அதிர்வெண் அதற்கு நேர் விகிதத்தில் இருக்கும். அதை 50-க்குச் சற்று மேலே, 53 என்று அமைத்திருப்பதாகக் கொள்வோம். ஊஞ்சலை அதன் தாளத்திற்கேற்பத் தள்ளினால் சிறு விசையே போதுமல்லவா? ஆனால் தாளம் தவறினால் ஆட்டமும் போய்விடும்.

முதலில் நிறையைப் பாருங்கள். ஈரத்தூள் ஒட்டி, அசையும் நிறை 20 விழுக்காடு கூடினால், 53 என்பது 48 ஆகிவிடும். சுரண்டிச் சுத்தம் செய்வதே மருந்து.

அடுத்தது விறைப்பு. ஸ்பிரிங்கில் கீறல் விழுந்தால் இயல் அதிர்வெண் இறங்கும். 50-ஐ நெருங்கும்போது வீச்சு கூடும்! "இன்று நன்றாக ஓடுகிறதே" என்று மகிழ்வோம். கீறல் வளர்ந்ததும் தட்டு அயர்ந்துவிடும். ஆகவே காரணமின்றி வேகம் கூடுவதும் ஒரு நோய்க்குறியே.

மூன்றாவது, காந்தத்திற்கும் அது இழுக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி. அது குறைந்தால் இரும்போடு இரும்பு மோதிச் சம்மட்டி ஒலி எழும். கூடினாலோ சுருளின் மின்மறுப்புக் குறைந்து மின்னோட்டம் ஏறும். ஏறிய மின்னோட்டம் இழுப்பைக் கூட்டாது, சுருளைத்தான் சூடாக்கும். நாங்கள் கண்ட ஆலையில் நடந்தது இதுவே. போல்ட் தளர்ந்து இடைவெளி அகன்றதால், சுருள் ஏற்கெனவே சூடாகியிருந்தது. குமிழைத் திருகியது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று.

நான்காவது, உராய்வு. தட்டு பக்கத்துச் சட்டத்தைத் தொட்டாலும், இடுக்கில் கல் சிக்கினாலும் அதிர்வின் ஆற்றல் வீணாகும்.

ஐந்தாவது, டயோடு. அது பழுதாகி இரு திசையிலும் மின்னோட்டத்தை விட்டால், இழுப்புகள் நொடிக்கு 100 ஆகும். தட்டின் தாளமோ 53. உறுமலின் சுருதி உயரும். தட்டு அசைவதே அரிது.

எனவே ஊட்டி அயர்ந்தால், மின்சாரத்தை நிறுத்தி, வேறொருவர் போடாதபடி பூட்டிய பின்னரே கை வையுங்கள். ஒட்டிய தூள், ஸ்பிரிங், போல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். இடைவெளியை ஃபீலர் கேஜால் அளவிடுங்கள். எல்லாம் சரியான பின் ஓட்டி, மின்னோட்டம் இயந்திரப் பலகையில் குறித்த அளவுக்குள் இருக்கிறதா என்று காணுங்கள். குமிழின் முறை கடைசியில்தான்.

நிறை, விறைப்பு, வர்க்கமூலம் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அந்தச் சூத்திரத்தை அன்று நினைத்துப் பார்த்திருந்தால், ஒரு சுருள் தப்பியிருக்கும்.