ரத்தம் கொடுக்கும் முன் சத்து மாத்திரையை நிறுத்தலாமா?

திண்டுக்கல்லில் விடிந்ததும் லேப் வாசலில் ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள். "வெறும் வயித்தோடதானே வந்திருக்கீங்க?" என்று தவறாமல் கேட்கிறார்கள். சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்பது அபூர்வம். நாமும் சொல்வதில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடுவதுதான் மாத்திரை, மற்றதெல்லாம் 'சத்துக்கு' என்பது நம் கணக்கு. அந்தக் கணக்கு ரிப்போர்ட்டையே புரட்டிப்போடலாம்.

முடிக்குச் சாப்பிட்டால் தைராய்டு மாறுமா?

முடி கொட்டுகிறது என்று மெடிக்கலில் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பயோட்டின். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 30, 40 மைக்ரோகிராம்தான். முடிக்கான மாத்திரைகளில் 10 மில்லிகிராம் வரை இருக்கிறது. அதாவது 10,000 மைக்ரோகிராம். உடலுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. சிக்கல் பரிசோதனையில்தான்.

பல லேப் மெஷின்கள் ஹார்மோனை அளக்க, பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் இறுகப் பிடித்துக்கொள்ளும் இயல்பைப் பயன்படுத்துகின்றன. மாத்திரையில் வந்த பயோட்டின், காமராஜர் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அந்தப் புரதத்தில் முந்திக்கொள்கிறது. விளைவு: தைராய்டு பரிசோதனையில் டிஎஸ்எச் குறைவாகவும், டி3, டி4 அதிகமாகவும் காட்டும். நல்ல தைராய்டு உள்ளவருக்கு அது மிகையாகச் சுரக்கிறது என்று ரிப்போர்ட் வரும். இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கும் அபாயம் இது.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரித்தது. 2019இல் மீண்டும் வலியுறுத்தியது. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவு பயோட்டினால் பொய்யாகக் குறைந்து காட்டிய ஒருவர் இறந்ததும் அந்த எச்சரிக்கையில் இருக்கிறது.

எல்லா மெஷினிலும் இந்தக் கோளாறு வராது. எந்த மெஷின் என்பது நமக்குத் தெரியாது என்பதால், தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துவது நல்லது. மிக அதிக அளவில் சாப்பிடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். மல்டிவிட்டமின் அட்டையிலும் பயோட்டின் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

இரும்புச்சத்தைத் தொடருங்கள், நிறுத்தாதீர்கள்

நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான். வேடசந்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகும் பெண்களுக்கும், நிலக்கோட்டையில் விடியுமுன் பூப்பறிக்கப் போகும் பெண்களுக்கும் ரத்தசோகை புதிதல்ல. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. தினம் ஒன்றாக 180 நாள். "டெஸ்ட் இருக்கு" என்று இதை வாரக்கணக்கில் விடுவது பெரும் தவறு. ஹீமோகுளோபின் ஒரு மாத்திரையில் ஏறிவிடாது. அதற்காக நிறுத்தவே வேண்டாம். ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவை மட்டும் தனியாகப் பார்க்கச் சொன்னால், முந்தைய 24 மணி நேரம் விட்டால் போதும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் நிறுத்தக் கூடாது. அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது.

பி12, டி, சி

பி12 குறைவா என்று முதன்முதலாகப் பார்ப்பதென்றால், ஊசியோ மாத்திரையோ தொடங்கும் முன்பே ரத்தம் கொடுங்கள். தொடங்கியபின் எண் ஏறிவிடும். குறை இருந்ததா என்பதே தெரியாமல் போகும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்கள் இதைக் கேட்டே பார்க்க வேண்டும், அது பி12ஐக் குறைக்கக்கூடியது. வாரம் ஒருமுறை போடும் 60,000 யூனிட் வைட்டமின் டி உடலில் வாரக்கணக்கில் தங்குவது. இரண்டு நாள் நிறுத்தி ஒன்றும் ஆகாது. வைட்டமின் சி அதிகம் போனால் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் சர்க்கரையும் ரத்தமும் தெரியாமல் மறையலாம். சில குளுக்கோமீட்டர்களும் தவறாகக் காட்டும்.

அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்

பெயர் நினைவில் நிற்காது. அட்டையையே எடுத்துப் போய், கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் லேபில் சொல்லி எழுதச் சொல்லுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த எதையும் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

நெஞ்சுவலி என்று திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடும்போது இரண்டு நாள் காத்திருக்க முடியாது. கூட வருபவர் உள்ளே நுழைந்ததுமே "இவர் பயோட்டின் சாப்பிடுகிறார்" என்று சொல்ல வேண்டும். ட்ரோபோனின் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஈசிஜி, எக்கோவையும் சேர்த்துப் பார்க்க டாக்டருக்கு அது உதவும்.