பெயரில்லா ஈமக்காடுகள்: ஒரகடம் மேட்டு நிலத்தின் கல்வட்டங்கள்

பழைய கல்லறைத் தோட்டங்களில் நிதானமாக நடந்து, கற்களில் பொறித்த பெயர்களையும் ஆண்டுகளையும் படித்து வரலாறு அறியும் வழக்கம் விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தில் பரவியது. 1839-இல் இலண்டனில் திறக்கப்பட்ட ஹைகேட் போன்ற இடுகாடுகள் மரங்களும் நடைபாதைகளும் கொண்ட பூங்காக்களாகவே அமைக்கப்பட்டன. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரிலும், 1781-ஆம் ஆண்டுப் போரில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் பெயர் தாங்கிய நினைவுத் தூண்கள் நிற்கின்றன. ஆனால் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்தடத்தின் உண்மையான பழைய இடுகாடுகளில் எழுத்தே இல்லை; அங்கே கல்லின் வகையையும் அது கிடக்கும் முறையையும் கொண்டுதான் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

பெரிய கற்களை அடுக்கியோ வட்டமாக நட்டோ இறந்தோரை அடக்கம் செய்த காலத்தைத் தொல்லியலார் பெருங்கற்காலம் என்பர். இப்பகுதியில் மிகுதியாகக் காணப்படுவது கல்வட்டம். அதாவது அடக்கம் செய்த குழியின் மேல் சிறு கற்களைக் குவித்து, அக்குவியலைச் சுற்றி உருண்டைப் பாறைகளைப் பதித்த அமைப்பு. குழிக்குள் பலகைக் கற்களை நிறுத்தி அறைபோல் கட்டியிருந்தால் அது கற்பதுக்கை. பெரிய பானையில் எலும்புகளை இட்டிருந்தால் அது முதுமக்கள் தாழி. தொட்டி வடிவில், வரிசையாகக் கால்கள் வைத்துச் சுட்ட மண்கலமாக இருந்தால் அது ஈமப்பேழை. பழைய செங்கல்பட்டு மாவட்டம் இந்த ஈமப்பேழைகளுக்குப் பெயர்பெற்றது. பல்லாவரத்தில் 1880-களில் அலெக்சாண்டர் ரீ அவற்றைக் கண்டறிந்தார். மதுராந்தகம் பக்கத்துச் சானூரில் 1950-களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில், கல்வட்டங்களின் அடியில் கருப்பு-சிவப்புப் பானைகளும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன.

இவற்றில் பல, இறந்தவுடன் செய்த அடக்கங்கள் அல்ல. உடலை வேறோரிடத்தில் வைத்திருந்து, பின்னர் எலும்புகளைப் பொறுக்கியெடுத்து, படையலுக்கான கலங்களோடு இட்டு மூடும் இரண்டாம் நிலை அடக்கம் பரவலாக இருந்தது. காஞ்சியில் கதை முடியும் மணிமேகலைக் காப்பியம், சுடுதல், புதைத்தல், தாழியால் கவித்தல் உள்ளிட்ட பல முறைகளை ஒரே ஈமப்புறங்காட்டில் வரிசைப்படுத்துவது, இவ்வழக்கங்கள் நெடுங்காலம் நினைவில் நின்றதைக் காட்டுகிறது.

கல்வட்டங்கள் பெரும்பாலும் ஏரிக்கும் வயலுக்கும் மேலே, செம்புரைக்கல்லும் சரளையும் நிறைந்த மேட்டில்தான் அமைகின்றன. விளையும் மண்ணை உயிரோடிருப்பவர்க்கு விட்டு, விளையா மண்ணை இறந்தோர்க்கு ஒதுக்கிய கணக்கு அது. இன்றைய தொழிற்பேட்டைகளும் மனைப்பிரிவுகளும் கிராவல் குழிகளும் முதலில் தேடிவருவதும் இதே மேட்டு நிலத்தையும் மேய்ச்சல் புறம்போக்கையும்தான் என்பதால், பழைய இடுகாடும் புதிய தொழிற்சாலையும் ஒரே நிலத்துக்குப் போட்டியிடுகின்றன. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022-இல் தோண்டியபோது பெருங்கற்காலத்துக்கும் முற்பட்ட இடைக்கற்காலக் கருவிகளும் வெளிப்பட்டன. ஆகவே இம்மண்ணில் அழிவது ஒரு காலத்தின் தடயம் மட்டுமன்று.

எருமையூர், நடுவீரப்பட்டு முதலிய ஊர்ப்புறங்களில் இத்தகைய ஈமச்சின்னங்களைத் தேடிச் செல்பவர், மழைக்காலம் கழிந்த தை, மாசி மாதங்களின் காலைப்பொழுதைத் தேர்வது நல்லது. சாய்வெயிலில், சீமைக்கருவேல முட்களுக்கிடையே, துருப்பிடித்த நிறத்தில் துளைகள் விழுந்த கற்கள் தரைக்கு மேல் ஒரு சாண் அளவே தெரியக்கூடும். நான்கைந்து கற்களைக் கண்ணால் இணைத்த பிறகே வளைவு புலப்படும், அவ்வளைவில் இடைவெளி இருந்தால் அங்கிருந்த கல் பெயர்க்கப்பட்டிருக்கலாம். யாருடைய துயரமும் எழுதப்படாததால், பார்ப்பவர் துக்கம் விசாரிக்க வந்தவர்போல் தயங்க வேண்டியதில்லை. குலமும் பட்டமும் தெரியாத மனிதர்க்காக ஓர் ஊரே கூடிப் பாறை உருட்டிய உழைப்பை எண்ணி நிற்கும் மனநிறைவே இவ்விடங்கள் தரும் அமைதி.

1958-ஆம் ஆண்டின் பண்டைய நினைவுச்சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்தைத் தடைசெய்து, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி பெறுவதைக் கட்டாயமாக்குகின்றன. பட்டியலில் இடம்பெறாத கல்வட்டத்துக்கு இக்காவல் கிடையாது. அதற்கு ஊராரே காவல். எனவே மேட்டு நிலத்தில் வட்டமாகக் கிடக்கும் கற்களையோ உடைந்த தடித்த பானையோடுகளையோ காண்பவர்கள், எதையும் எடுக்காமலும் தோண்டாமலும், இடத்தைப் படம்பிடித்து வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.