டம்டம் காய்ச்சலும் லீஷ்மன் சாயமும்

கொல்கத்தாவின் வடபுறத்தேயுள்ள டம்டம்மில் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் படைப்பாசறை ஒன்று இருந்தது. அங்குக் காய்ச்சல் கண்ட படைவீரர் ஒருவர் இங்கிலாந்தின் நெட்லி இராணுவ மருத்துவமனையில் 1900-இல் உயிர் நீத்தார். பருத்திருந்த அவருடைய மண்ணீரலின் திசுவைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்த வில்லியம் லீஷ்மன், முட்டை வடிவான நுண்ணுடல்கள் பல இருக்கக் கண்டு, 1903-இல் அதனை வெளியிட்டார். அவ்வாண்டே சென்னையில் சார்லஸ் டோனவன், உயிருடனிருந்த நோயாளியின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த சாற்றிலும் இவற்றைக் கண்டார். இருவர் பெயரும் விளங்க, 'லீஷ்மேனியா டோனவானி' என்று இவ்வொட்டுண்ணி பெயர் பெற்றது. அதுவரை மலேரியாவின் முற்றிய நிலையென்றே பலரும் கருதிவந்த காலா அசார் தனி நோயென்பது இதனால் தெளிவாயிற்று. மலேரியாவுக்குரிய கொய்னா இந்நோயைத் தீர்ப்பதில்லை; உரிய மருத்துவமின்றேல் இது பெரும்பாலும் உயிரைப் போக்கும்.

இன்று களத்தில் ஆர்கே-39 சோதனை அட்டையே முதற்கண் பயன்படுகிறது. மண்ணீரலில் ஊசி செலுத்துதல் இரத்தப்பெருக்கை விளைவிக்கக் கூடுமாதலால், வசதி நிறைந்த மருத்துவமனைகளில் தேர்ந்த மருத்துவரே அதனைச் செய்தல் வேண்டும்.

எடுத்த சாற்றைத் தகட்டின்மீது மெல்லிதாகப் பரப்பிக் காற்றில் உலரவிடுவர். லீஷ்மன் சாயமென்பது மெதிலீன் நீலமும் இயோசினும் கூடிய பொடியை மெதில் ஆல்ககாலில் கரைத்ததாகும். நீர் கலவாத இச்சாயத்தை முதலில் ஊற்றினால், ஓரிரு நிமிடங்களில் ஆல்ககால் திசுவைத் தகட்டில் நிலைப்படுத்தும். நிறமோ இன்னும் ஏறுவதில்லை. பின்னர் இருமடங்கு காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்த பின்னரே சாயங்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. சுமார் பத்து நிமிடம் கழித்துக் கழுவிவிடலாம். நீர் அமிலமாயின் யாவும் சிவந்தும், காரமாயின் நீலம் மிகுந்தும் தோன்றும். வங்காளத்து மழைக்காலத்தில் மற்றொரு தொல்லையுண்டு. சாயப்புட்டி திறந்திருந்தால் ஆல்ககால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சிவப்பணுக்களில் பளபளக்கும் பொய்ப்புள்ளிகள் தோன்றும்.

நுண்பெருக்கியில் எண்ணெயிட்டு நூறு மடங்குப் பொருளருகு வில்லையால் நோக்குதல் வேண்டும். ஒட்டுண்ணி 2 முதல் 4 மைக்ரான் அளவினது. சிவப்பணுவின் குறுக்களவில் ஏறத்தாழப் பாதி. பேரணுக்களின் உள்ளும், அவை சிதைந்தவிடத்து வெளியிலும் காணப்படும். வெளிர்நீல உடலில் செவ்வூதா நிற உட்கருவும், அதனருகே அடர்ந்த நிறத்தில் சிறு கோல் போன்ற கைனெட்டோபிளாஸ்டும் தெரியும். பழகாதோர் இரத்தத் தட்டணுக்களை இவையென மயங்குவதுண்டு. தட்டணுக்களில் அக்கோல் இராது. உட்கருவும் கோலும் ஒருங்கே தெரிந்தாலன்றி ஒட்டுண்ணி உண்டென அறிக்கையில் எழுதலாகாது.