கதிர்வீச்சுக்குப் பின் கை ரத்தக்குழாய் அடைப்பு: அறிகுறிகளும் சிகிச்சையும் உரிமைகளும்

மார்பகப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கதிர்வீச்சு சிகிச்சை, மக்கள் சொல்வதுபோல் ‘கரண்ட் வைப்பது’, பல உயிர்களைக் காக்கிறது. அக்குளிலும் காறையெலும்புப் பகுதியிலும் கதிர் பாயும்போது, கைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியும் பாதிக்கப்படலாம். அதன் சுவர் தடித்து, கொழுப்பு படிந்து, குழாய் மெல்லக் குறுகும். இது அரிதான பின்விளைவு. பெரும்பாலும் பல ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூடக் கழித்தே வெளிப்படும்.

அறிகுறிகள்

வேலை செய்யும்போது கை சோர்ந்து வலிக்கும், ஓய்வெடுத்தால் அடங்கும். விரல்கள் குளிர்ந்து வெளுக்கும். விரல்நுனியில் ஆறாத புண் வரலாம். சேலத்தை அடுத்த இளம்பிள்ளை போன்ற தறி ஊர்களில் இவ்வலி, தறிக்கு நூல் தார் சுற்றிய அசதியாகவே எண்ணப்பட்டுவிடும். வீக்கம் மட்டும் இருந்தால் நிணநீர்த் தேக்கமாகவும், மரத்துப்போனால் நரம்புப் பாதிப்பாகவும் இருக்கலாம். ஆகவே, பழைய கதிர்வீச்சு சிகிச்சையை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

பரிசோதனை

மார்பக அறுவை நடந்த பக்கக் கையில் ரத்த அழுத்தம் பார்ப்பது வழக்கமாகத் தவிர்க்கப்படுவதால், அங்குள்ள குறைவு தெரியாமலே போகும். சந்தேகம் இருந்தால் மருத்துவர் இரு கைகளிலும் நாடியையும் அழுத்தத்தையும் ஒப்பிடுவார். டாப்ளர் ஸ்கேனும் சி.டி. ஆஞ்சியோகிராமும் அடைப்பின் இடத்தைக் காட்டும்.

சிகிச்சை

லேசான அடைப்புக்கு ஆஸ்பிரின், ஸ்டாட்டின் போன்ற மருந்துகள் மருத்துவர் ஆலோசனைப்படி தரப்படும். புகையிலையை விட்டே ஆக வேண்டும். தொல்லை மிகுந்தால் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைப்பார்கள். அது இயலாதபோது, காலில் எடுத்த சிரையைக் கொண்டு பைபாஸ் செய்யலாம். கதிர் பட்ட தசை எளிதில் ஆறாது என்பதால், புதிய வழியை அவ்விடம் தவிர்த்து அமைக்க முயல்வர். மீண்டும் அடைப்பு வரக்கூடும் என்பதால் தொடர் கண்காணிப்பு தேவை.

கை திடீரென வலித்து, வெளுத்து, சில்லிட்டு, உணர்விழந்தால் சில மணி நேரத்திலேயே கையை இழக்க நேரலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

உரிமைகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. குறிப்பிட்ட சிகிச்சை பட்டியலில் உள்ளதா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டறியலாம்.

இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளி கேட்டால் சிகிச்சை ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களைப் பாதுகாக்கும் கடமையோ 3 ஆண்டுகளுக்கு மட்டுமே. பின்விளைவு அதற்கும் வெகுகாலம் கழித்து வரலாம். எனவே கதிர்வீச்சின் அளவு, இடம், தேதி அடங்கிய சுருக்கத்தைச் சிகிச்சை முடிந்ததுமே வாங்கி, வாழ்நாள் முழுதும் பத்திரப்படுத்த வேண்டும்.