பக்கத்தோற்றத்தில் கோபுரம்

தொடர்வண்டியை வரையச் சொன்னால் மாணவர் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே வரைவர். அதன் நீளமும் பெட்டிகளும் அங்கேதான் புலப்படும். கோயில் கோபுரத்தையோ முன்னிருந்தே வரைவர். காரணம் ஒன்றே: கோபுரத்தின் நீள்பக்கம் வீதியை நோக்கி அமைந்துள்ளது.

ஆயினும், அதன் அமைப்பை அறிய நாம் பக்கத்திற்குச் செல்லுதல் வேண்டும். முகப்பில் 5, 7 என வரிசையாகத் தோன்றும் கலசங்கள், நேர் பக்கவாட்டில் ஒன்றையொன்று மறைத்து ஒன்றாகவே தெரிகின்றன. உச்சி, கூண்டு வண்டியின் கூரையை ஒத்த 'சாலை' வடிவினது என்பதும், அதன் முனையில் லாட வடிவ நாசி அமைந்துள்ளது என்பதும் அங்கேதான் விளங்கும். மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் குடையப்பட்ட பீமரதத்தின் கூரையும் இவ்வடிவினதே. மரத்தாலும் கூரை வேய்ந்தும் அமைத்த பழங்கட்டடங்களின் சாயலை அறிஞர் இதிற் காண்பர்.

நம் வகுப்புகளில் முகப்புப் படங்களையே காட்டிவந்தோம். மாணவர் சிலர் கோபுரத்தைத் தட்டையான சுவரென்றே எண்ணினர். பிழை அவர்களுடையதன்று. 1827இல் தோன்றிய சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் பக்கத்தே, அக்கோபுரத்தாற் பெயர்பெற்ற பகோடா தெரு செல்கிறது. ஆசிரியர்கள் மாணவரை முதலில் அத்தெருவில் நிறுத்தி வரையச் செய்யலாம்; முகப்பைப் பின்னர்க் காணலாம்.